தட்டையாகக் கிடக்கும் கல்லுக்குப் பசை எதற்கு? யூதக் கல்லறைக் கற்களுக்காக ஐந்து பலகைகளில் ஒரு ஒத்திகை

பழைய கல்லறைக் கற்களைப் படிக்கவும் கழுவவும் பழுதுபார்க்கவும் கைப்பழக எடுத்த ஐந்து மாதிரிப் பலகைகளில் ஒன்று பாழாகிவிட்டது. ஒன்று வெயிலில் ஒட்டு இளகிப் பிரிந்தது. மற்ற மூன்றும் ஒரு கத்திரி வெயிலையும் ஒரு ஐப்பசி மழையையும் தாண்டி மொட்டை மாடியில் அப்படியே கிடக்கின்றன. பதினோரு மாதம், மொத்தச் செலவு ரூ. 8,950. எதற்கு எவ்வளவு போனது, எங்கே தப்பு செய்தோம் என்பதை வரிசையாக எழுதிவைப்பதுதான் இந்தப் பதிவு.

வேலை எதை மனதில் வைத்து என்றால், சென்னை லாயிட்ஸ் சாலையில் (இப்போதைய அவ்வை சண்முகம் சாலை) இருக்கும் சின்ன யூதக் கல்லறைத் தோட்டம். பவழம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போன போர்ச்சுகீசிய யூத வணிகர்கள் 17-ஆம் நூற்றாண்டில் மதராஸில் இருந்தார்கள். 1688-இல் மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் (மூத்த உறுப்பினர்களில்) மூன்று பேர் யூதர்கள். 1687-இல் இறந்த ஜாக் டி பைவாவைப் பெத்துநாயக்கன்பேட்டையில், மின்ட் தெருக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஆளுநர் தாமஸ் பிட்டுக்கு வைரம் மதிப்பிடுவதில் துணையாக இருந்த ஐசக் அபெந்தானா இறந்தது 1709-இல். அந்த மின்ட் தெருக் கற்கள் 1934-இல் பெயர்க்கப்பட்டு ஒரு பூங்காவுக்குப் போயின. பிறகு 1983 வாக்கில் லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன.

வேலைக்கு முக்கியமான தகவல் அந்தக் கடைசி வரிதான். ஒரு கல் இடம் மாறும்போதெல்லாம் கடப்பாரை முனை எங்காவது விளிம்பைச் சிதைக்கும். புது இடத்தில் அந்தக் காலத்துக்கு மலிவான சாந்தில் பதிப்பார்கள். கடந்த நூறு வருடத்தில் அது பெரும்பாலும் சிமென்ட். வயதைவிட இந்த இடமாற்றங்கள்தான் கல்லுக்கு அதிகக் கேடு செய்கின்றன. கல்லறையில் உள்ள எந்தக் கல்லையும் நாங்கள் தொடவில்லை. பொறுப்பில் இருப்பவர்கள் எழுத்தில் அனுமதி தராமல் தொடவும் கூடாது. யாரோ ஒருவரின் கல்லறை நாம் கைப்பழகும் இடமும் இல்லை. அதனால்தான் மாதிரிப் பலகைகள்.

முதலில் கட்டுப்பாடுகள்

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே யூத மரபு சிலவற்றை விலக்கிவிடுகிறது. கல்லறையைத் தோண்டக் கூடாது. கல் இடம் மாறி வந்திருந்தாலும், அதன் அடியில் எதுவும் இல்லை என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. ஆகவே எந்த அடித்தளமும் மேல்மண்ணில் 10 செ.மீ.க்குள் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். சனிக்கிழமையும் பண்டிகை நாட்களிலும் வேலை கிடையாது. சாந்து நனைக்கும் கணக்கை இதை ஒட்டியே போட வேண்டும், அதாவது வெள்ளி மாலை சூரியன் சாய்வதற்குள், சாந்து காயாமல் போர்த்திய சாக்கைக் கடைசியாக நனைத்துவிட்டு வெளியேறும்படி. கல்மேல் யாராவது வைத்துவிட்டுப் போன கூழாங்கல் குப்பை இல்லை, வந்துபோனவரின் மரியாதை. படம் எடுத்து, தனிப் பையில் போட்டு, வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைக்க வேண்டும். வெளியே வரும்போது கைகழுவுவது வழக்கம் என்பதால் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும்.

இன்னொன்று: போர்ச்சுகல், ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதர்களின் கற்கள் பெரும்பாலும் படுக்கை வாட்டில் இருக்கும். ஐரோப்பாவின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த அஷ்கெனாசிகளுடையவை நிற்கும் பலகைகள். இணையத்தில் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை நிற்கும் கல்லை, அதுவும் உறைபனி விழும் ஊரில் நிற்கும் கல்லை மனதில் வைத்து எழுதியவை. இந்த வித்தியாசத்தை நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம்.

பலகைகள்

பழைய வீடு இடித்த இடத்திலிருந்து நான்கு வெள்ளை மார்பிள் பலகைகள், ஒவ்வொன்றும் 60 × 45 × 2.5 செ.மீ., எடை ஏறக்குறைய 18 கிலோ. கூடவே 90 × 30 × 10 செ.மீ. அளவில் ஒரு கருங்கல் வாசற்படி, 73 கிலோ. மொத்தம் ரூ. 1,200. வாசற்படி பல்லாவரம் பக்கத்துக் கருநீலக் கல், புவியியலில் சார்னோக்கைட் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின், கல்கத்தாவில் இருக்கும் சமாதிக் கல் இந்த வகை என்பதால் வைத்த பெயர் அது. கல்லுக்கே கல்லறையிலிருந்துதான் பெயர் வந்திருக்கிறது!

ஒவ்வொரு பலகையிலும் சில எபிரேய எழுத்துகளை 3 மி.மீ. ஆழத்தில் வெட்டச் சொன்னோம். கல்வெட்டும் ஆசாரிக்கு எபிரேயம் தெரியாது. தாளில் பெரிதாக வரைந்து கொடுத்து, கார்பன் தாளில் படியெடுத்து ஒட்டினோம். ரூ. 1,500. வெட்டிய பிறகு எழுத்தின் மேல்விளிம்பை 120 எண் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்தோம். புதுசாகப் பளிச்சென்று இருக்கும் எழுத்தில் படிக்கும் பயிற்சி நடக்காது.

படித்தல்: கழுவுவதற்கு முன்

எதையும் நனைக்கும் முன் படம். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், கோலமாவு, விபூதி தேய்ப்பது நம் ஊர்க் கோயில்களில் சகஜம். மார்பிளில் அந்தத் துகள் நுண்துளைக்குள் போய்த் தங்கிவிடும். கல்வெட்டுக்காரர்களின் மைப்படி (ஈரத்தாளைக் கல்லில் பதித்து மை ஒற்றி எடுக்கும் படி) கருங்கல்லுக்கு நல்ல முறைதான். ஆனால் மேல்தோல் சர்க்கரைபோல் உதிரும் பழைய மார்பிளில் ஈரத்தாளை வைத்துத் தூரிகையால் அடித்தால் உதிரி மணிகள் தாளோடு வந்துவிடும். விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெண்மணி ஒட்டினால் மைப்படியை மறந்துவிட வேண்டியதுதான்.

பலன் தந்தது சாய்வு வெளிச்சம். இரவு எட்டு மணிக்கு மேல், கேமராவைக் கல்லுக்கு நேர் மேலே தாங்கியில் பூட்டி, எல்இடி டார்ச்சைக் கல்லின் பரப்பிலிருந்து 10 முதல் 15 பாகை சாய்வில் பிடித்து எட்டுத் திசையிலிருந்து எட்டுப் படம். பகலில் என்றால் கல்மேல் நிழல் விழும்படி கறுப்புத் துணி கட்டி, 30 × 45 செ.மீ. கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விடலாம். செலவு இல்லை, கண்ணாடியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கே நாங்கள் வைத்த தேர்வு: முதல் பலகையில் ‘ஹே’, ‘ஹேத்’ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ‘ஹே’ எழுத்தின் இடது கால் மேல்கோட்டைத் தொடாது, ‘ஹேத்’தில் தொடும். வித்தியாசம் அந்த 2 மி.மீ. இடைவெளி மட்டும். உச்சிவெயிலில் எடுத்த படத்தைக் காட்டிக் கேட்டால் இரண்டையும் ‘ஹேத்’ என்றே எல்லோரும் படித்தோம். இடப்பக்கச் சாய்வு வெளிச்சத்தில் இடைவெளி நிழல்கோடாகத் தெளிவாக விழுந்தது. இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், எபிரேயத்தில் எழுத்துதான் எண். ‘ஹே’ 5, ‘ஹேத்’ 8. மூன்று வருடம் மாறிவிடும். ‘தாலெத்’ 4, ‘ரேஷ்’ 200. மூலை மழுங்கினால் இவை இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ‘பேத்’ 2, ‘காஃப்’ 20.

ஆண்டு கணக்கிடும் விதம் இது. கல்லில் பெரும்பாலும் யூத ஆண்டின் ஐயாயிரத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதியிருப்பார்கள். எழுத்துகளின் மதிப்பைக் கூட்டி 1240 சேர்த்தால் நம் ஆண்டு. ‘தாவ்’ 400, ‘சாமெக்’ 60, ‘தேத்’ 9 என்றிருந்தால் 469. கூட 1240, ஆக 1709. அவர்களின் வருடம் செப்டம்பர்–அக்டோபரில் பிறப்பதால், மாதம் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றிருந்தால் 1239 மட்டும் சேர்க்க வேண்டும். தேவேத் மாதம் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே வரும், அதற்கு நாளையும் பார்த்தாக வேண்டும். மேலே ‘பே–நூன்’ என்ற இரண்டெழுத்து இருந்தால் ‘இங்கே அடக்கம்’. கீழே ‘தாவ்–நூன்–த்ஸாதி–பேத்–ஹே’ என்ற ஐந்தெழுத்து, இறந்தவரின் உயிர் வாழ்வோரின் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கட்டும் என்ற வேண்டுதலின் சுருக்கம். இந்த இரண்டும் எந்தக் கல்லில் எந்த இடத்தில் வரும் என்று தெரிந்துவிட்டால், நடுவில் தேய்ந்த வரிகளில் பெயர் எங்கே, தேதி எங்கே என்று பிரிப்பது சுலபம்.

கழுவுதல்: இரண்டு தப்பு

முதல் பலகை கொல்லைத் துணி துவைக்கும் கல் பக்கத்தில் பல வருடம் கிடந்து கறுத்தது. மேலே கரும்பாசி, ஓரங்களில் சாம்பல் நிறக் கற்பாசி.

முதல் தப்பு, தண்ணீர். போர் தண்ணீரை எடுத்து நனைத்தோம். காய்ந்ததும் எழுத்துக் குழிகளில் வெள்ளை பூத்தது. பிறகுதான் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் (ரூ. 250) வாங்கி அளந்தோம்: 1,840. கேன் தண்ணீரில் 45. கடலுக்குப் பக்கத்து ஊரில் போர் தண்ணீரால் கல்லைக் கழுவுவது உப்பைக் கரைத்து ஊற்றுவதுதான். அதன்பின் எல்லாக் கழுவலும் கேன் தண்ணீரில். 14 கேன், ரூ. 560.

இரண்டாவது தப்பு, சோப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டுத் தேய்த்து, சுமாராக அலசிவிட்டு, பாசிக்கொல்லியாக பென்சால்கோனியம் குளோரைடு தெளித்தோம். இரண்டு வாரத்தில் பாசி திரும்ப வந்தது. காரணம் எளிது: பாத்திர சோப்பு எதிர்மின் வகை, பாசிக்கொல்லி நேர்மின் வகை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கட்டிப்போட்டுச் செயலிழக்கும். சோப்பு தேவைப்பட்டால் மின்னேற்றம் இல்லாத வகை வேண்டும். பாரிமுனை ரசாயனக் கடைகளில் டிரைட்டான் எக்ஸ்-100 கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கு 1 மி.லி. போதும், அதற்கு மேல் நுரைதான் மிச்சம்.

பென்சால்கோனியம் குளோரைடு இறால் பண்ணை மருந்துக் கடைகளில் 50 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். அரை லிட்டர் ரூ. 350. அதில் 40 மி.லி. எடுத்துக் கேன் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கினால் 2 சதவீதம். இரண்டாவது முறை செய்த வரிசை: முதலில் வெறும் தண்ணீர், முழுக்க ஊறும்வரை. கற்பாசி ஊறி உப்பியதும் மூங்கில் குச்சியைச் சீவி, கல்லுக்குக் கிட்டத்தட்ட படுக்கையாக வைத்துத் தள்ளினால் தோல்போல் உரிந்து வரும். காய்ந்த கற்பாசியைச் சுரண்டினால் கல்லின் மணியும் சேர்ந்து வரும். பிறகு கரைசல் தெளித்து 15 நிமிடம், மென்மையான நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றி, நல்ல அலசல். மறுநாள் கல் ஈரம் போனபின் ஒரே ஒரு தெளிப்பு, அதை அலசாமல் விட வேண்டும். கறுப்பு அன்றைக்கே போகாது. ஆறு வாரத்தில் வெயிலும் மழையும் சேர்ந்து வெளுத்தன. அவசரப்பட்டு மறுநாளே கம்பி பிரஷ்ஷைத் தூக்குகிறவர்கள்தான் கல்லைக் கெடுக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலசிய நீர் குளத்துக்கோ மீன் தொட்டிக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீனுக்கு அது விஷம்.

பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர், வாட்டர் சர்வீஸ் பம்ப் மூன்றும் வேண்டாம். ஆசிட் மார்பிளைக் கரைக்கும், பிளீச்சிங் உப்பை விட்டுப் போகும், பம்ப் எழுத்து விளிம்பைப் பெயர்க்கும்.

உப்பு எடுத்தல்

போர் தண்ணீர் தப்பால் இந்தக் கட்டம் தானாகவே வந்து சேர்ந்தது. நிஜக் கல்லிலும் இது தேவைப்படும். சிமென்டில் பதித்த கல், கடற்காற்று, ஓதம் மூன்றும் சேரும் இடத்தில் உப்பு நிச்சயம் இருக்கும்.

மை இல்லாத வெள்ளை டிஷ்யூ தாளைக் கிழித்து, கேன் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக்கி, கல்மேல் ஒன்றேகால் செ.மீ. கனத்துக்கு அப்பினோம். விரலால் அழுத்தி அழுத்தி அப்ப வேண்டும். நடுவில் காற்று நின்றால் அந்த இடத்தில் உப்பு ஏறாது. முதல் தடவை வேகமாகக் காய்கிறதே என்று பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடிவைத்தோம். ஐந்து நாள் கழித்து எடுத்தால் தாள் இன்னும் ஈரம், கல்லில் பூப்பு அப்படியே. தாளின் வெளிப்பக்கம் காய்ந்தால்தான் கல்லுக்குள் இருக்கும் ஈரம் உப்போடு வெளியே இழுபடும். மூடினால் உப்பு நடுவழியில் நின்று திரும்பக் கல்லுக்கே போகிறது. அடுத்த முறை மூடாமல், பச்சை நிழல்வலைக்கு அடியில் விட்டோம். நான்கு நாளில் காய்ந்து ஓரம் தூக்கி, அப்பளம்போல் ஒரே துண்டாக வந்தது.

அளக்கும் விதம்: காய்ந்த தாளில் 20 கிராம் எடுத்து ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மீட்டரை முக்க வேண்டும். பயன்படுத்தாத தாளையும் அப்படியே ஊறவைத்து அளந்தோம்: 58. கல்லிலிருந்து எடுத்தது முதல் சுற்றில் 410, இரண்டாவதில் 190, மூன்றாவதில் 85. அதோடு நிறுத்தினோம். சோதனைக்கூடத் துல்லியம் இதில் இல்லை. ஆனால் இறங்குகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல இது போதும்.

சிமென்ட் உடைத்தது, பலகை போனது

ஐந்தாம் பலகையைச் செங்கல் மேடையில் வைத்து, சுற்றிலும் ஒன்றுக்கு நான்கு சிமென்ட் பூசி ஒரு மாதம் ஆறவிட்டோம். பிற்காலத்துப் பழுதுபார்ப்பைப் போலச் செய்வதற்காக. பிறகு அதை எடுக்க கிரைண்டர் வாடகைக்கு, ரூ. 400. இணைப்புக் கோட்டில் 4 அங்குலச் சக்கரம் நேராகத்தான் போனது. மூலையில் சிமென்டுக்குள் கெட்டியாக எதுவோ இடறி, சக்கரம் துள்ளி, மார்பிள் மேல் 11 செ.மீ. கோடு, இரண்டு எழுத்துகளின் குறுக்கே. மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. நிஜக் கல்லில் நடந்திருந்தால் ஒரு பெயரோ தேதியோ போயிருக்கும்.

அதே மேடையின் மறுபக்கத்தில் கையால் செய்தோம். இணைப்பின் நடுக்கோட்டில் 4 மி.மீ. துளைகள், ஒன்றரை செ.மீ.க்கு ஒன்று, சுத்தியல் அடி இல்லாத சுழற்சியில் மட்டும். பிறகு 6 மி.மீ. உளியைத் துளையிலிருந்து துளைக்கு, எப்போதும் கல்லை விட்டு விலகும் திசையில். 45 செ.மீ. எடுக்க இரண்டரை மணி நேரம். கல்லோடு ஒட்டிய கடைசி 2, 3 மி.மீ. சிமென்ட் வராமல் அடம்பிடித்தால் விட்டுவிடுவது நல்லது. அதைப் பிடுங்கப் போனால் மார்பிள் விளிம்பு சிப்பியாகப் பெயரும்.

சுண்ணாம்பு: கத்திரியில் ஒன்று, ஆவணியில் ஒன்று

கருங்கல் படியைச் செங்கல் மேடையில் அமர்த்தி, சுற்று இணைப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பும் வேலை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, மூன்று மாதம் தண்ணீருக்கடியில் வைத்த வெண்ணெய் போன்ற கூழ், 20 கிலோ, ரூ. 600.

மே மாதம் செய்தது தோற்றது. ஒன்றுக்கு மூன்று, கழுவாத எம்-சாண்ட், 25 மி.மீ. ஆழத்தையும் ஒரே மூச்சில் நிரப்பி, சாக்கைக் காலை மாலை நனைத்தோம். நான்காம் நாள் மயிரிழை வெடிப்பு, மூன்றாம் வாரம் நகத்தால் கீறினால் திருநீறு. மூன்று காரணம் சேர்ந்திருந்தது: எம்-சாண்டின் தூள் அதிகம் கேட்ட தண்ணீர் ஆவியானதும் சாந்து சுருங்கியது, ஆழத்தை ஒரே தடவையில் நிரப்பியது, வெயில். சுண்ணாம்பு இறுகக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும், அது உள்ளே போக ஈரமும் வேண்டும். காய்ந்துபோன சுண்ணாம்பு, இறுகிய சுண்ணாம்பு ஆகாது.

ஆகஸ்டு கடைசியில் திரும்பச் செய்தோம். அதே எம்-சாண்டை 2.36 மி.மீ. சல்லடையில் சலித்து, அலசிய நீர் தெளியும்வரை கழுவி, காயவைத்தோம். மணலில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க ஒரு லிட்டர் உலர்மணலில் தண்ணீர் ஊற்றினோம். மேல்மட்டம் தொட 340 மி.லி. பிடித்தது. மணலில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம், அதை நிரப்பச் சுண்ணாம்பு ஒரு பங்கு; ஒன்றுக்கு மூன்று என்ற பழைய கணக்கு வந்த வழி இதுதான். இந்த முறை ஒரு பங்கு சுண்ணாம்பு, அரைப் பங்கு சலித்த சுர்க்கி (செங்கல் தூள்), இரண்டரைப் பங்கு மணல். தண்ணீர் தனியாகச் சேர்க்கவே இல்லை, கூழில் இருந்த ஈரமே போதும். கரணையைக் கவிழ்த்தால் சாந்து விழாமல் ஒட்டி நிற்கும் பதம். செங்கல் பக்கத்தை நன்றாக நனைத்து, கருங்கல் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தது மட்டும்; கருங்கல் தண்ணீர் குடிக்காது, மேலே நின்றால் சாந்து வழுக்கும். 12 மி.மீ. ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து மீதி. மறுநாள் கட்டைவிரல் பதியாத அளவு இறுகியதும் மரக்குச்சியால் அழுத்தித் தேய்த்துவிட்டோம். சின்னச் சுருக்க வெடிப்பு இருந்தால் அந்த நேரத்தில்தான் மூடும். நிழல்வலை, ஈரச்சாக்கு, பகலில் மூன்று நனைப்பு, பத்து நாள்.

அதே சாந்தில் 5 செ.மீ. கட்டிகளும் வார்த்திருந்தோம். 28-ஆம் நாள் ஒன்றை உடைத்து பினாப்தலீன் (இறுகாத சுண்ணாம்பைச் சிவக்க வைக்கும் கரைசல், ரூ. 180) தெளித்தால் நடுவில் அடர் இளஞ்சிவப்பு, சுற்றிலும் 4 மி.மீ. மட்டும் நிறமில்லாமல். அந்த 4 மி.மீ.தான் இறுகிய சுண்ணாம்பு. மே மாதக் கட்டியில் அது 2 மி.மீ. கூட இல்லை.

கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்க்கலாமே என்று கொத்தனார் கேட்டார். கருங்கல்லுக்குச் சேர்க்கலாம். வெள்ளை மார்பிள் பக்கத்தில் வேண்டாம். கடுக்காய்த் துவர்ப்பு பழுப்புக் கறை விடும், கல்லில் இரும்புக் கூறு இருந்தால் கறுப்பாகவே மாறும்.

உடைந்த பலகை: ஒட்டியதும் ஒட்டாததும்

இரண்டாம், மூன்றாம் பலகைகளை நடுவில் உடைத்தோம். இரண்டாவதற்கு அருங்காட்சியகங்களில் பழகிய பசையான பாரலாய்டு பி-72. இது அசிட்டோனில் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கரையும், அதனால் பின்னால் வருகிறவர் பிரித்துவிடலாம் என்பது இதன் பெருமை. 100 கிராம் ரூ. 1,800, எங்கள் பட்டியலிலேயே விலை அதிகமான பொருள். அதே எடை அசிட்டோனில், மணிகளை மல் துணியில் முடிந்து பாட்டிலுக்குள் தொங்கவிட்டால் ஒரே இரவில் கரையும். அப்படியே கொட்டினால் அடியில் களிபோல் ஒட்டிக்கொள்ளும். உடைந்த முகங்களில் மெலிதாகப் பூசி, மணல் தட்டில் சாய்த்து, மூன்று நாள். ஒட்டு கண்ணுக்கே தெரியவில்லை, அருமையாக இருந்தது.

அதை இரண்டு செங்கல் மேல் வைத்து, ஒட்டு நடுவில் தொங்கும்படி ஏப்ரல் வெயிலில் விட்டோம். பத்து நாளில் கீழ்விளிம்பில் அரை மி.மீ., மாதக் கடைசியில் ஒன்றரை மி.மீ. வாய் பிளந்தது. வெப்பம் அளக்கும் துப்பாக்கி (ரூ. 900) வைத்துப் பார்த்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு மார்பிள் 49 டிகிரி, பக்கத்தில் கருங்கல் 61. பி-72 இளகத் தொடங்குவது 40 டிகிரியில். குளிர்நாட்டில் அந்தச் சூடு கல்லுக்கு வருவதே அபூர்வம், இங்கே கோடையில் தினமும் வரும். பி-44 என்ற வகை 60 டிகிரி வரை தாங்கும். கருங்கல்லுக்கு அதுவும் போதாது. எபாக்சி தாங்கும், ஆனால் பிறகு பிரிக்க முடியாது. அடுத்த உடைவு ஒட்டுக்குப் பக்கத்தில் நல்ல கல்லிலேயே விழும்.

மூன்றாம் பலகைக்குப் பசையே இல்லை. செபார்டிக் கல் படுத்துக் கிடக்கிறது. தன் எடையைத் தானே தாங்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை, கீழே முழுப் பரப்பிலும் தாங்கல் இருந்தால் போதும். கழுவிய 12 மி.மீ. ஜல்லி 5 செ.மீ., மேலே பெருமணல் 3 செ.மீ., ரசமட்டம் வைத்து 60 செ.மீ.க்கு ஒரு செ.மீ. சரிவு. ஆக 8 செ.மீ., நாங்கள் வைத்துக்கொண்ட 10 செ.மீ. எல்லைக்குள். இரண்டு துண்டையும் அருகருகே அமர்த்தி, ரப்பர் சுத்தியலால் மரக்கட்டை மேல் தட்டி மட்டம் பார்த்து, விரிசலில் சுண்ணாம்புக் கூழ் ஒரு பங்கு, மார்பிள் தூள் இரண்டு பங்கு அழுத்தினோம். கோடு தெரியும். தெரிந்தால் என்ன, கல் உடைந்தது உண்மைதானே. நவம்பர் மழைக்குப் பிறகு அளந்தபோது துண்டுகளின் மட்ட வித்தியாசம் 0.2 மி.மீ., தண்ணீர் எங்கும் தேங்கவில்லை, நிரப்பியதில் ஒரு ஓரம் மட்டும் உதிர்ந்தது.

மிச்சமிருந்த பி-72 வீணாகவில்லை. சிதறிய சில்லுகளுக்கு எண் எழுத, நக அளவு இடத்தில் அதை நீர்க்கப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் மையால் எழுதினால் கல்லில் மை இறங்காது. நிழலான இடத்து வேலைக்கு அது நல்ல பொருள்.

அடுத்த சுற்றுக்கு மாற்றுபவை: கிரைண்டர் பட்டியலிலேயே கிடையாது. சுண்ணாம்பு வேலை ஆவணியில் தொடங்கிப் புரட்டாசி பாதிக்குள் முடியும், மழைக்கு முன் இறுக நேரம் கிடைக்க. மீட்டர் வாங்கியபின்தான் முதல் சொட்டுத் தண்ணீர். இன்னும் செய்து பார்க்காதது எடை தூக்குவது: 150 × 75 × 10 செ.மீ. கருங்கல் பலகை 300 கிலோவுக்கு மேல் வரும், அதற்கு மூன்று கால் தூக்குச் சட்டமும் ஒரு டன் செயின் பிளாக்கும் நைலான் வார்ப்பட்டையும் வேண்டும். அதே எடையில் ஒரு பழைய களத்துக் கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.